பொங்கலுக்குத் தோண்டிய சீனிக்கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டை. இது என்ன பூச்சி?

பொதிகைக்காரன் | ஜனவரி 12, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் தென்காசிப் பக்கம். 40 சென்ட் செம்மண்ணில் சீனிக்கிழங்கு போட்டிருந்தேன். வடக்கே இருப்பவர்களுக்குச் சர்க்கரைவள்ளி என்றால் புரியும். நேற்று முன்தினம் ஆள் விட்டுத் தோண்டினோம். கொடி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கிழங்கைக் கையில் எடுத்தால் தோல் முழுக்கக் குண்டூசியால் குத்தியது மாதிரி ஓட்டை. வெட்டினால் உள்ளே கறுப்பாக வளைந்து வளைந்து போகிறது, அதற்குள் அரிசி மாதிரி வெள்ளைப் புழு. ஒரு நாற்றம் வேறு. வேகவைத்து ஒரு துண்டு வாயில் வைத்துப் பார்த்தேன், வேப்பங்காய் தோற்றுப்போகும்.

54 மூட்டை வந்தது. அதில் 19 மூட்டையை வியாபாரி தொடவே இல்லை. பொங்கல்படிக்கு ஊரே கிழங்கு தேடும் நேரத்தில் எனக்கு இப்படி. கடையில் கொடுத்த மருந்தை இரண்டு தடவை இலையில் அடித்தேன். அது என்ன ஆனது என்றே தெரியவில்லை. மாசியில் அதே வயலில் மறுபடி போடலாம் என்று கொடி நிறுத்தி வைத்திருக்கிறேன். என்ன மருந்து வாங்கட்டும்?

உரக்கடைக்காரர் | ஜனவரி 12, இரவு 10:05

வேர்ப்புழுதான். அடியுரத்தோடு குருணை மருந்து போட்டிருந்தால் வந்திருக்காது. அடுத்த நடவுக்குப் போடுங்கள், சரியாகிவிடும்.

தொப்பூரான் | ஜனவரி 13, காலை 6:15

படம் கூடப் பார்க்காமல் குருணையா? ஐயா, கொஞ்சம் பொறுங்கள்.

தம்பி, வேர்ப்புழு என்றால் கட்டை விரல் தடிமன் இருக்கும், சுருண்டு கிடக்கும், ஆறு கால் தெளிவாகத் தெரியும். அது கிழங்கை வெளியே இருந்து பள்ளம் பள்ளமாகச் சுரண்டித் தின்னும். எலி கடித்தால் பல் தடம் இருக்கும். கறையான் என்றால் மண் அப்பியிருக்கும். நீ சொல்வது குண்டூசி ஓட்டை, உள்ளே சுரங்கம், கசப்பு. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. மூன்று விஷயம் சொல்:

புழுவுக்குக் கால் இருக்கிறதா? மூட்டையில் எறும்பு மாதிரி ஏதாவது ஊர்கிறதா? எந்தத் தேதியில் நட்டாய், எங்கிருந்து கொடி?

பொதிகைக்காரன் | ஜனவரி 13, காலை 11:30

அண்ணாச்சி, கால் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தலை மட்டும் பழுப்பு.

எறும்பு நிறைய ஊர்கிறது. கிழங்கு இனிப்புக்கு வந்திருக்கும் என்று நினைத்தேன். இப்போது ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது. பின்பக்கம் நீலக் கறுப்பாகப் பளபளக்கிறது, நடுவில் செங்கல் சிவப்பு, காலும் சிவப்பு, முன்னால் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டால் செத்த மாதிரிக் கிடக்கிறது.

நட்டது ஆகஸ்ட் 18. கொடி என் சித்தப்பா வயலில் இருந்து. அவர் தோண்டி முடித்த வயலில் கிடந்ததை அப்படியே அறுத்துக்கொண்டு வந்தேன், காசு கொடுக்கவில்லை.

பூச்சிப்பித்தன் | ஜனவரி 13, மதியம் 1:10

எறும்பு இல்லை. சர்க்கரைவள்ளிக் கூன்வண்டு. அறிவியல் பெயர் சைலாஸ் ஃபார்மிகேரியஸ். அந்தப் பின்பெயரே "எறும்பு மாதிரி இருப்பது" என்ற பொருளில் வைத்ததுதான், அதனால் நீங்கள் ஏமாந்ததில் தப்பில்லை. இதற்கு 1798இல் பெயர் வைத்தவர் ஃபப்ரீசியஸ் என்ற டென்மார்க் பூச்சியியலாளர். அவர் கைக்குப் போன வண்டு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டியிருந்த நம் தரங்கம்பாடியில் பிடித்தது. கிழங்கு அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது. இந்த வண்டு இந்தப் பக்கத்துப் பூர்வகுடி. வந்த விருந்தாளியை உள்ளூர்க்காரர் நன்றாகவே கவனித்துக்கொண்டார்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெண் வண்டு கிழங்கிலோ கொடியின் அடித்தண்டிலோ மூக்கால் ஒரு சின்னக் குழி தோண்டி, ஒரு குழிக்கு ஒரு முட்டை வீதம் வைத்து, தன் கழிவாலேயே வாயை அடைத்துவிடும். ஒரு வாரத்தில் புழு. அது இரண்டு மூன்று வாரம் உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகித்தான் வெளியே வரும். முட்டை முதல் வண்டு வரை சுமார் 35 நாள். ஒரு பெண் தன் ஆயுளில் நூறு முட்டைக்கு மேல் வைக்கும்.

நீங்கள் இலையில் அடித்த மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது. எதிரி வீட்டுக்குள் இருக்கிறான், நீங்கள் கூரையில் தண்ணீர் தெளித்திருக்கிறீர்கள். வெளியே திரியும் வண்டும் இரவில்தான் நடமாடும், பகலில் கொடிக்கு அடியிலும் மண் இடுக்கிலும் பதுங்கிவிடும்.

கசப்பு வண்டு போட்டது இல்லை. புழு கடித்ததும் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் வேதிப்பொருள்கள் அவை. கொஞ்சம் கடித்திருந்தாலும் சுற்றியுள்ள சதை முழுக்கக் கசந்துவிடும். வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம் என்று பார்க்காதீர்கள்.

பொதிகைக்காரன் | ஜனவரி 13, மதியம் 2:25

நன்றி. அப்போ அந்த 19 மூட்டையை மாட்டுக்குப் போட்டுவிடலாமா? தொழுவத்துக்குப் பக்கத்தில்தான் கொட்டி வைத்திருக்கிறேன். சும்மா போவதற்கு அதுகளாவது தின்னட்டும்.

தொழுவத்து டாக்டர் | ஜனவரி 13, மதியம் 2:40

வேண்டாம், வேண்டாம். இப்போதே போய் மாட்டுக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.

வண்டு குடைந்த கிழங்கில் பூஞ்சணம் ஏறும். அந்தப் பூஞ்சணமும் கிழங்கின் எதிர்ப்புப் பொருளும் சேர்ந்து மாட்டின் நுரையீரலைத் தாக்கும் நஞ்சாகிவிடும். தின்ற மறுநாளே மாடு மூச்சு வாங்கும், கழுத்தை நீட்டி வாயைத் திறந்துகொண்டு நிற்கும், நுரை தள்ளும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. இப்படிப் போன ஒரு சினைமாட்டை நானே பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் "கிழங்குதானே டாக்டர்" என்று கடைசி வரை நம்பவில்லை.

பொதிகைக்காரன் | ஜனவரி 13, மாலை 4:00

மாற்றிவிட்டேன். ஒரு கன்றுக்குட்டி இரண்டு மூன்று கடித்திருக்கும் போல. நன்றாகத்தான் நிற்கிறது. ராத்திரி பார்த்துக்கொள்கிறேன். நன்றி டாக்டர்.

தொப்பூரான் | ஜனவரி 13, இரவு 8:20

நான் தேதி கேட்டதற்குக் காரணம் சொல்கிறேன். ஆகஸ்ட் 18 நட்டு ஜனவரி 10 தோண்டினால் 145 நாள். நம் பக்கம் போடுகிற ரகங்கள் 110, 115 நாளில் முடிந்துவிடும். கிழங்கை வெட்டிப் பார்த்தால் பால் காய்ந்து, வெட்டு வாய் நிறம் மாறாமல் இருந்தால் முற்றிவிட்டது. பச்சை கலந்து கறுத்தால் இன்னும் ஆகவில்லை. நீ கார்த்திகையில் வெட்டிப் பார்த்தாயா?

பொதிகைக்காரன் | ஜனவரி 13, இரவு 9:15

பார்த்தேன் அண்ணாச்சி. டிசம்பர் முதல் வாரத்திலேயே முற்றிவிட்டது. சும்மா சாப்பிடப் பத்துக் கிலோ தோண்டினோம், அதில் ஒன்றிரண்டில்தான் ஓட்டை இருந்தது. ஆனால் அப்போது வியாபாரி கிலோ 20 ரூபாய் கேட்டார். பொங்கலுக்கு 35 போகும் என்று தெரியும். மண்ணுக்குள் இருந்தால் கெட்டுப்போகாது என்று விட்டுவிட்டேன். மழையும் நின்றுவிட்டது, நல்லது என்று நினைத்தேன்.

தொப்பூரான் | ஜனவரி 13, இரவு 9:50

இதுதான். ஒன்றிரண்டு ஓட்டை என்று நீ சொன்ன அந்த வண்டுகளுக்கு 35 நாள் கொடுத்தாய். சரியாக ஒரு தலைமுறை. மழையும் நின்று, கொடி நட்ட பார் (மண்மேடு) வெடித்திருக்கும்.

15 ரூபாய் கூடுதலுக்கு ஆசைப்பட்டதில் தப்பே இல்லை, நானும் ஆசைப்பட்டுக் கெட்டவன்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்.

பொதிகைக்காரன் | ஜனவரி 13, இரவு 10:30

போட்டேன். டிசம்பரில் 54 மூட்டையும் விற்றிருந்தால் வந்திருக்கும் பணத்தைவிட இப்போது கொஞ்சம் கூடத்தான் வந்திருக்கிறது. தேறிய 35 மூட்டைக்குப் பொங்கல் விலை கிடைத்ததே. ஆனால் 19 மூட்டை தோண்டிய கூலி, அதைத் தனியாகப் பொறுக்கிய கூலி, கூடுதலாக ஒரு மாதம் வயல் சும்மா கிடந்தது எல்லாம் கழித்தால் கைக்கு ஒன்றுமில்லை.

வேணாட்டுக்காரி | ஜனவரி 14, காலை 7:00

பொங்கல் வாழ்த்துகள் எல்லோருக்கும். எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1963இல் இருந்து. எங்களுக்குப் பேருந்தில் போய் வரும் தூரம்தான். அங்கே பயிற்சிக்குப் போனபோது ஒருவர் ஒரு தொட்டியில் மண்ணைக் கெட்டியாக அணைத்துக் கிழங்கை மூடி வைத்திருந்தார், பக்கத்துத் தொட்டியில் மண்ணைக் கீறி விட்டிருந்தார். இரண்டிலும் வண்டு விட்டிருந்தார்கள். கீறிய தொட்டிக் கிழங்குதான் சல்லடை. மற்றதில் ஒன்றும் இல்லை.

இந்த வண்டுக்கு மண்ணைத் தோண்டத் தெரியாது. அதுதான் அதன் பலவீனம். வெடிப்பு இருந்தால் இறங்கும், இல்லாவிட்டால் மேலே கொடியின் அடித்தண்டைக் கடித்துக்கொண்டு இருக்கும். நாம் என்ன செய்கிறோம்? பார் வெடிப்பதைப் பார்த்து "கிழங்கு நன்றாக இறங்கிவிட்டது" என்று சந்தோஷப்படுகிறோம். கிழங்கு பருத்து மண்ணைப் பிளக்கிற அந்த வெடிப்புதான் அதற்கு வாசல்.

அதனால் மண் அணைப்பதை முதல் களையோடு நிறுத்தக்கூடாது. நான் 25, 50, 75ஆம் நாள் அணைக்கிறேன். அந்த மூன்றாவது அணைப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அப்போது கொடி அடர்ந்து கிடக்கும், ஆளுக்கு எரிச்சல் வரும். கொடியைப் புரட்டிப் போட்டு வெடிப்பை மூடி வந்தால் போதும். மழை நின்றபிறகு வாரம் ஒரு தண்ணீர் விட்டால் வெடிப்பு வராது.

பொதிகைக்காரன் | ஜனவரி 14, காலை 8:30

அக்கா, நான் ஒரே ஒரு தடவைதான் அணைத்தேன். மார்கழியில் பார் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்தது. படம் எடுத்து வாட்சப் ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன், விளைச்சல் அமோகம் என்று.

தொப்பூரான் | ஜனவரி 14, காலை 8:45

:) வண்டும் அந்த ஸ்டேட்டஸைப் பார்த்திருக்கும்.

மாடித்தோட்டம் கோவை | ஜனவரி 14, காலை 10:20

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மாடியில் இரண்டு பையில் சர்க்கரைவள்ளி இருக்கிறது. இலையெல்லாம் வட்ட வட்ட ஓட்டை. தங்க நிறத்தில், ஆமை ஓடு மாதிரி ஒரு வண்டு உட்கார்ந்திருக்கிறது. பார்க்க அவ்வளவு அழகு. கொல்லவே மனம் வரவில்லை. அதுவும் கிழங்கில் இறங்குமா?

பூச்சிப்பித்தன் | ஜனவரி 14, காலை 11:05

இறங்காது. அது ஆமை வண்டு, இலையோடு சரி. இலையின் கீழ்ப்பக்கம் பாருங்கள், முதுகில் தன் கழிவையும் உரித்த தோலையும் குடை மாதிரித் தூக்கிக்கொண்டு முள் முள்ளாகக் குஞ்சுகள் இருக்கும். குளத்தோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு இருந்தால் அதிலும் இதைப் பார்க்கலாம், அதுவும் இதே குடும்பத்துச் செடி. இரண்டு பை என்றால் கையால் பொறுக்கிவிடுங்கள். மனம் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், சர்க்கரைவள்ளி கொஞ்சம் இலை போனாலும் தாங்கும்.

விரல் நீளத்துக்குப் பச்சையாகவோ பழுப்பாகவோ, வால் பக்கம் ஒரு கொம்போடு புழு வந்தால் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். அது கொம்புப் புழு, இரண்டே நாளில் ஒரு பையை மொட்டையடிக்கும். அந்திசாயும் நேரத்தில் பூவுக்குப் பூ நின்றபடி பறந்து தேன் குடிக்கும் பெரிய அந்துப்பூச்சியின் பிள்ளை அது. வயலில் வந்தால் அறுவடைக்குப்பின் உழும்போது மண்ணுக்குள்ளிருந்து அதன் கூட்டுப்புழு வெளியே வரும், கூஜாவுக்குக் கைப்பிடி வைத்தது மாதிரி. மைனாவும் கொக்கும் பொறுக்கிக்கொள்ளும்.

பொதிகைக்காரன் | ஜனவரி 15, இரவு 7:50

எல்லாம் சரி. ஆனால் வண்டு முதலில் என் வயலுக்கு எப்படி வந்தது? நான் இந்த வயலில் இதுவரை சீனிக்கிழங்கே போட்டதில்லை. போன வருஷம் உளுந்துதான்.

வேணாட்டுக்காரி | ஜனவரி 15, இரவு 8:35

நீங்களே சுமந்து வந்தீர்கள் தம்பி. சித்தப்பா தோண்டி முடித்த வயலில் கிடந்த கொடி என்றீர்களே. பழைய கொடியின் அடிப்பாகத்தில்தான் முட்டையும் புழுவும் இருக்கும். அதைத் துண்டு துண்டாக வெட்டி நட்டால் வண்டை நாமே பதியம் போட்ட மாதிரி.

கொடியின் நுனியில் இருந்து ஒரு சாண், ஒன்றேகால் சாண் மட்டும் எடுங்கள். மூன்று நான்கு கணு வரும். நுனியில் வண்டு முட்டை வைப்பது குறைவு. நடுக்கொடி, அடிக்கொடி வேண்டாம். நுனி மட்டும் என்றால் 40 சென்ட்டுக்குக் கொடி போதாது என்பீர்கள். அதற்குத்தான் நாற்றங்கால். இரண்டு மாதம் முன்னால் இரண்டு சென்ட்டில் நல்ல கிழங்கையோ நுனிக்கொடியையோ நட்டு வளர்த்தால் எல்லாமே நுனியாகக் கிடைக்கும்.

உரக்கடைக்காரர் | ஜனவரி 15, இரவு 9:10

சரி, வேர்ப்புழு என்றது என் தவறு. ஆனால் கொடியை மருந்தில் நனைத்து நடலாமே. என்னிடம் உள்ள பழைய கையேட்டில் பென்தியான் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைக்கச் சொல்லியிருக்கிறது.

பூச்சிப்பித்தன் | ஜனவரி 15, இரவு 9:30

கையேடு எந்த வருஷம் ஐயா? பென்தியான் 2018 ஆகஸ்டிலேயே இந்தியாவில் தடையாகிவிட்டது. ஒரே ஆணையில் டயசினான், கார்பரில் எல்லாம் போனது. பழைய சரக்கு எங்காவது மூலையில் கிடந்தாலும் விற்காதீர்கள், இங்கே படிப்பவர்கள் வாங்காதீர்கள். இணையத்தில் சர்க்கரைவள்ளி என்று தேடினால் இன்னும் அந்த மருந்துதான் முதலில் வருகிறது. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

நனைத்து நடும் யோசனை நல்ல யோசனைதான். கொடிக்குள் ஏற்கெனவே இருப்பதை அது குறைக்கும். இப்போது அதற்கு எந்த மருந்துக்கு அனுமதி என்பதை உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். இலையைக் கீரையாகச் சமைப்பவர்களும் ஆட்டுக்கு ஒடிப்பவர்களும் அதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

உரக்கடைக்காரர் | ஜனவரி 15, இரவு 9:45

கையேடு 2009. இன்றைக்கே கிழித்துவிடுகிறேன். விற்கிறவனுக்கும் இதெல்லாம் யாரும் வந்து சொல்வதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வன்னிமண் | ஜனவரி 16, காலை 6:40

வணக்கம். நான் வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் இதை வத்தாளங்கிழங்கு என்றுதான் சொல்லுவோம். இங்கேயும் இந்த வண்டு இருக்கிறது, மாசி பங்குனி வெயிலுக்குள்தான் கூடுதல் சேதம். எனக்கு ஒரு கேள்வி. என்னுடைய தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கங்குன் போடுகிறார். அதிலும் இந்த வண்டு நிற்குமா? அவரோடு சண்டை பிடிக்க விருப்பமில்லை, அறியத்தான் கேட்கிறேன்.

பூச்சிப்பித்தன் | ஜனவரி 16, காலை 9:15

கங்குன் என்பது எங்கள் பக்கம் வள்ளைக்கீரை. அதுவும் சர்க்கரைவள்ளிக்கு ஒன்றுவிட்ட உறவுதான். கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடியும் அப்படியே. கிழங்கு இல்லாத காலத்தில் வண்டு இவற்றின் தண்டில் காலம் தள்ளும். ஆனால் கீரைக்காக அடிக்கடி அறுக்கிற கங்குனில் அது தலைமுறை வளர்க்க வாய்ப்புக் குறைவு. வேலியோரம் கேட்பாரற்றுப் படர்ந்து தடித்துக் கிடக்கும் கொடிகளைத்தான் பார்க்கவேண்டும். அவரோடு சண்டை வேண்டாம், கீரை வாங்கிச் சமையுங்கள்.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தோண்டியபின் வயலில் விட்டுப்போகிற சுண்டுவிரல் கிழங்குகளும் அடிக்கட்டையும். வண்டு அடுத்த பயிர் வரை அதில்தான் குடியிருக்கும்.

பொதிகைக்காரன் | ஜனவரி 16, மதியம் 12:10

அப்படியென்றால் மாசியில் அதே வயலில் போடக்கூடாதா?

தொப்பூரான் | ஜனவரி 16, மதியம் 12:30

கூடாது. அந்தப் பக்கமே போகாதே. ஓர் உழவு ஓட்டி, மிச்சக் கிழங்கையும் கட்டையையும் பிள்ளைகளுக்குக் கூலி பேசியாவது பொறுக்கு. தண்ணீர் இருந்தால் நெல் போடு, இல்லையா உளுந்தோ எள்ளோ போடு. ஒரு வருஷமாவது இந்தக் கிழங்கு அந்த மண்ணில் கூடாது.

அந்த 19 மூட்டையையும் வரப்பில் விட்டுவைக்காதே. கொளுத்து, இல்லாவிட்டால் ஆழமாகக் குழி வெட்டிப் போட்டு மண்ணை மிதித்து இறுக்கு. குவியலாகக் கிடந்தால் அதற்குள்ளேயே பெருகி ஊருக்கே கிளம்பும். நிறுத்தி வைத்த கொடியையும் சேர்த்துக் கொளுத்து. மனசு கேட்காது, தெரியும்.

காந்திகிராமத்து இயற்கை | ஜனவரி 17, மாலை 5:25

ரசாயனம் இல்லாமல் முடியாதா? நான் ஏக்கருக்கு இரண்டு மூட்டை வேப்பம்புண்ணாக்கு போடுகிறேன். பூச்சியைக் கொல்லும் பிவேரியா பூஞ்சணமும் ஊற்றிப் பார்த்தேன். ஒரு வருஷம் நன்றாக இருந்தது, அடுத்த வருஷம் வறட்சியில் ஒன்றும் நடக்கவில்லை. பெண் வண்டின் வாசனையைக் காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் போதும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள்.

பூச்சிப்பித்தன் | ஜனவரி 17, இரவு 8:55

பொறி நல்ல பொருள். வேறு எந்தப் பூச்சிக்கும் இவ்வளவு துல்லியமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை, மாலை வைத்தால் விடிவதற்குள் சோப்புத் தண்ணீரில் கறுப்பாக மிதக்கும். ஆனால் விழுவது எல்லாம் ஆண். முட்டை வைக்கிறவள் வரமாட்டாள். சில ஆண்கள் தப்பித்தாலும் அவளுக்குப் போதும். அதனால் பொறியை மட்டும் நம்பாதீர்கள். வயலில் வண்டு எப்போது வந்தது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுவதற்கு அதைவிட நல்லது இல்லை.

பிவேரியா ஈரப்பதம் இருந்தால்தான் முளைக்கும். உங்கள் வறட்சி வருஷத்துக் கதைக்கு அதுதான் காரணம்.

காசு செலவில்லாத ஒரு பொறி உண்டு. சேதமான கிழங்கை 100 கிராம் அளவுக்கு வெட்டி, நட்ட 50ஆம் நாளில் இருந்து 80ஆம் நாள் வரை, ஐந்து மீட்டருக்கு ஒன்றாக வயலில் வைப்பது. வண்டு வாசனைக்கு அதில் வந்து கூடும். பத்து நாளைக்கு ஒரு முறை அதை எடுத்து அழித்துவிட்டுப் புதிது வைக்கவேண்டும். எடுக்க மறந்தால் பொறியே பிரசவ ஆஸ்பத்திரி ஆகிவிடும். ஞாபக மறதிக்காரர்கள் இதைச் செய்யாமல் இருப்பதே மேல்.

வெளிநாட்டுக் கதை இரண்டு சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்தவை. கியூபாவில் மருந்து இறக்குமதி நின்றுபோன காலத்தில் வாழைத்தோப்பில் இருந்து ஒரு வகை எறும்பை வாழை இலையில் சுருட்டிக் கொண்டுவந்து சர்க்கரைவள்ளி வயலில் விட்டார்கள். அது மண்ணுக்குள் போய் வண்டையும் புழுவையும் தூக்கிக்கொண்டு போனது. ஜப்பானில் ஒகினாவா தீவுகளில் இருந்து இந்த வண்டுக்குப் பயந்தே பச்சைக் கிழங்கை மற்ற பகுதிகளுக்குக் கொண்டுபோகத் தடை. அங்கே குமே என்ற தீவில் வண்டுகளைக் கதிர்வீச்சால் மலடாக்கி வருஷக்கணக்கில் கோடிக்கணக்கில் விட்டு, 2013இல் அந்தத் தீவில் வண்டே இல்லை என்று அறிவித்தார்கள். நமக்கு அது கட்டுப்படியாகாது, தீவும் இல்லை.

பொதிகைக்காரன் | ஜனவரி 17, இரவு 9:20

எறும்பு மாதிரி இருப்பதைத் தின்ன எறும்பையே விட்டார்களா! சித்தப்பாவிடம் சொன்னேன், "உனக்கு இந்த போனைப் பிடுங்கி வைக்கணும்" என்கிறார்.

கன்றுக்குட்டி நன்றாக இருக்கிறது. கிழங்கைக் கொளுத்தப் பார்த்தேன், ஈரக்கிழங்கு எரியவில்லை. ஜேசிபி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லிக் குழி வெட்டிப் புதைத்தேன்.

வேணாட்டுக்காரி | ஜனவரி 18, காலை 7:10

நல்லது. அடுத்த பொங்கலுக்குப் போடுவதானால் பொங்கலில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 110 நாள் ரகம் என்றால் செப்டம்பர் 20 வாக்கில் நடவேண்டும். ஆகஸ்டில் நட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் பிரச்சினை.

பொதிகைக்காரன் | ஜனவரி 18, காலை 7:45

ஆகஸ்டில் குற்றாலச் சாரல் இருக்கும், கால்வாயில் தண்ணீர் வரும். அதனால்தான் எல்லோரும் அப்போது நடுகிறோம் அக்கா. செப்டம்பரில் கிணற்றை நம்பவேண்டும். பார்க்கிறேன்.

பொதிகைக்காரன் | ஜனவரி 19, இரவு 8:05

ஒரு வருஷம் கழித்து இந்த இழையைத் தோண்டுகிறேன், கிழங்கு மாதிரியே. சொன்னதைச் செய்தேனா இல்லையா என்று சொல்லவேண்டும் அல்லவா.

பழைய வயலில் இந்த வருஷம் நெல். கிழங்கு போட்டது கிணற்றுமேட்டில், 30 சென்ட் மட்டும். ஜூலையில் இரண்டு சென்ட் நாற்றங்கால் விட்டேன், கொடி வேணாட்டுக்காரி அக்கா ஊர்ப்பக்கம் இருந்து வாங்கினேன். செப்டம்பர் 21 நடவு, எல்லாம் நுனிக்கொடி. 25ஆம் நாளும் 50ஆம் நாளும் மண் அணைத்தேன். 75ஆம் நாள் ஆள் கிடைக்கவில்லை, நானும் வீட்டுக்காரியும் மூன்று நாள் குனிந்து வெடிப்பை மூடினோம். முதுகு இன்னும் வலிக்கிறது. இரண்டு பொறி வைத்தேன், நவம்பர் வரை ராத்திரிக்கு ஒன்றிரண்டு, டிசம்பர் கடைசியில் பத்துப் பதினைந்து. கிழங்குத் துண்டுப் பொறி வைக்கவில்லை, எனக்கு ஞாபக மறதி உண்டு.

ஜனவரி 10 தோண்டினோம், 111 நாள். 38 மூட்டை. பொறுக்கித் தள்ளியது இரண்டு மூட்டைக்கும் குறைவு. அதிலும் பாதி வரப்போரத்து வரிசை, நாங்கள் அணைக்கச் சோம்பல் பட்ட இடம்.

சித்தப்பா வழக்கம்போல ஆகஸ்டில் அதே வயலில், அதே கொடியில் நட்டுப் பொங்கல் வரை வைத்திருந்தார். 40 சென்ட்டில் 20 மூட்டைக்கு மேல் குழிக்குப் போனது. இப்போது என் நாற்றங்கால் கொடி கேட்கிறார். கொடுக்கிறேன் என்றேன், ஆனால் அந்த வயலில் நடுவதற்கு இல்லை என்றேன். இரண்டு நாளாகப் பேசவில்லை.

கிணறு மட்டும் மார்கழியில் பாதிக்குக் கீழே போய்விட்டது. மழை இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

தொப்பூரான் | ஜனவரி 19, இரவு 8:40

மூன்றாவது அணைப்பை நீயே செய்தாய் பார், அங்கேதான் தம்பி ஜெயித்தாய். சித்தப்பா பேசுவார், கொடி வேண்டுமே.

வன்னிமண் | ஜனவரி 20, காலை 6:30

மிக்க சந்தோஷம். எனக்கும் நுனிக்கொடி கிடைத்திருக்கிறது, ஆனால் தெரிந்தவர் நாளைக்குத்தான் பஸ்ஸில் கொண்டுவருகிறார், நடுவதற்கு நாளை மறுநாள் ஆகும். வாடிப்போகாதா?

வேணாட்டுக்காரி | ஜனவரி 20, காலை 7:05

போகாது தம்பி. இலையைக் கிள்ளாமல் அப்படியே கட்டி, ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் வையுங்கள். இரண்டு நாள் வைத்து நட்டால்தான் சீக்கிரம் வேர் பிடிக்கும், நாங்கள் வேண்டுமென்றே அப்படி வைப்போம். பஸ்ஸில் இஞ்சின் பக்கம் மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.